படுக்கை உள்ள படகு

அப்பா, சூப் பிளாஸ்க்கில், கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள். சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம். நர்ஸ் வந்தால் அக்காவே கதவைத் திறந்துவிடுவார், நீங்கள் எழுந்து வர வேண்டாம்.

நான் துறைமுகத்துக்குப் போகிறேன். பாய்மரப் படகு விற்பவர் இன்று முடிவு கேட்கிறார்.

"லேசான பந்தயப் படகாவே வாங்கு தாயே, நீ ஜெயிப்ப. படுக்கை வச்ச படகு எதுக்கு? இங்க ஒண்ணுல கிடக்கறது போதாதா? நான் எங்க வரப் போறேன்?" என்று நேற்றுச் சிரித்தீர்கள். நான் தட்டுக் கழுவப் போய்விட்டேன். டாக்டர் சொன்னதை எனக்கு முன்பே நீங்கள் நம்பிவிட்டீர்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

பந்தயத்துக்கும் நெடும்பயணத்துக்கும் ஆகிற படகைத்தான் வாங்கப் போகிறேன். கொஞ்சம் கனம். உள்ளே இரண்டு படுக்கை, ஒரு சின்ன அடுப்பு. மற்றவர்கள் என்னைத் தாண்டிப் போனால் போகட்டும்.

சூப் குடித்த பிறகு மாத்திரை.

இன்னொன்று. பந்தய நாளில் எடை குறைய, மெத்தைகளைக் கழற்றிக் கரையில் வைத்துவிடுவது வழக்கம். என்னுடையதைக் கழற்றிக்கொள்கிறேன். உங்களுடையது உள்ளேயே இருக்கட்டும்.