கோப்பையில் வாசனை இல்லை

ஜனவரி 14

பனி விடவில்லை. போன வாரம் கடையின் பின்படியில் வழுக்கி விழுந்தபோது பின்மண்டையில் வந்த வீக்கம் வடிந்துவிட்டது. விடுமுறை முடிந்து இன்றுதான் எனோதெக்காவை, எங்கள் ஒயின் கடையை, திறந்தோம். அஸ்தி நகரத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். இந்தக் குன்றுகளுக்கு வெளியே கிடைக்காத ஒயின் எதையாவது குடித்துப் பார்க்க வேண்டுமாம். ஒரு க்ரிஞ்ஞோலினோ திறந்தேன். ஊற்றிக் கொடுக்குமுன் வழக்கம்போல் முகர்ந்தேன். ஒன்றுமே வரவில்லை. குளிரில் அடங்கிக் கிடக்கிறது என்று நினைத்துக் கோப்பையை உள்ளங்கையில் பொத்திவைத்தேன். அப்போதும் இல்லை. ஜலதோஷம் பிடிக்கப்போகிறது.

ஜனவரி 15

காப்பியிலும் இல்லை.

ஜனவரி 19

ஜலதோஷம் என்றால் மூக்கடைக்க வேண்டாமா? காற்று தாராளமாகப் போய் வருகிறது. எலுமிச்சை, பூண்டு, கடைசியில் தரை துடைக்கிற மருந்தைக்கூட முகர்ந்து பார்த்தேன். கண் எரிந்தது. அவ்வளவுதான்.

ஜனவரி 30

டாக்டரைப் பார்த்தேன். விழுந்த வேகத்தில் மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் மெல்லிய நரம்புகள் அறுந்திருக்கின்றனவாம். சிலருக்குத் திரும்பும், நிறையப் பேருக்குத் திரும்பாது என்றார். என்ன தொழில் என்று கேட்டுக்கொண்டே எழுதினார். சொன்னதும் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

தம்பி எட்ஸியோவிடம் மட்டும் சொன்னேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவன் திரும்பாமலே சொன்னான்: "யாருக்கும் தெரிய வேணாங்க்கா. நான் மோந்து பாத்துக்கறேன். நீ எப்பவும் போல பேசிட்டிரு, போதும்."

பேசுவது எதை? சுற்று வட்டாரத்தில் திராட்சை போடுகிறவர்கள் எல்லாம் என் மூக்கை நம்பித்தான் பாட்டிலைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். நான் தலையசைத்தால்தான் அது எங்கள் அலமாரியில் ஏறும்.

பிப்ரவரி 21

துல்லியா வந்தாள். தூரினில் வங்கி வேலையை விட்டுவிட்டு எதிர்க்குன்றில் தோட்டம் வாங்கிய பெண். அவள் சொந்தமாகப் போட்ட முதல் ஒயின் இது, ருக்கே திராட்சையில். பீப்பாயிலிருந்து ஒரு பாட்டில் பிடித்து வந்திருந்தாள். எட்ஸியோ சரக்கெடுக்கப் போயிருந்தான்.

"தெனமும் இதுகூடவே கெடந்து எனக்கு மூக்கே மரத்துப்போச்சுக்கா. ஏதோ சுருக்குனு குத்தற மாதிரி இருக்கு. நீங்க சொல்லுங்க. சரின்னா பாட்டில்ல அடைச்சிடறேன், இல்லைன்னா இப்பவே ஏதாவது பண்ணணும்."

கோப்பையைச் சுழற்றினேன். கண்ணை மூடினேன். மூக்கை உள்ளே விட்டு வழக்கமாக நிற்கும் நேரம் நின்றேன். நாக்கில் புளிப்பு. புது ஒயின் புளிக்கத்தானே செய்யும்?

"நல்லா இருக்கு. அடைச்சிடு" என்றேன்.

தம்பி வரட்டும் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகியிருக்கும்? அவள் முகம் — அப்படி விரிந்தது. என் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள்.

மார்ச் 17

வந்துவிட்டது! அடுப்படியில் நின்றிருந்தேன், ஏதோ ஒன்று மூக்கில் தட்டியது. என்ன வாசனை என்று தெரியவில்லை, வாசனை என்று தெரிந்தது. தரையில் உட்கார்ந்து அழுதேன்.

மார்ச் 20

ரப்பர் எரிகிற நாற்றம். ரொட்டியில் அதே. காப்பியில் அதே. பார்பேரா ஒயினில், சோப்பில், எட்ஸியோவின் சட்டையில் — எல்லாம் ஒன்றே. நரம்பு தப்பாக ஒட்டி வளர்ந்தால் இப்படி ஆகும், இப்படியே நின்றுவிடவும் கூடும் என்றார் டாக்டர். ஒன்றுமில்லாமல் இருந்ததே தேவலை.

ஏப்ரல் 26

துல்லியாவின் பெட்டிகள் வியாழக்கிழமை வந்தன. இன்று சனிக்கிழமைக் கூட்டத்துக்கு முதல் பாட்டிலை எட்ஸியோ திறந்தான். முகர்ந்தவன், ஊற்றிக் கொடுத்திருந்த கோப்பைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கிக்கொண்டான். விருந்தாளிகளிடம் ஏதோ சொல்லிச் சிரித்து, வேறொன்றை ஊற்றினான். பின்னறைக்கு வந்தபோது சிரிப்பு இல்லை.

"வினிகர்க்கா. நீயா இத சரின்னு சொன்னே?"

ஆமாம் என்றேன். அவன் காலிப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டான்.

ஏப்ரல் 27

நானே அவள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். விழுந்தது, நரம்பு, எல்லாம். துல்லியா கையில் கத்தரியோடு கொடிகளுக்கு நடுவில் நின்று கேட்டாள். அழவில்லை, கத்தவில்லை.

"தெரியலன்னு சொல்லியிருந்தா வேற யார்கிட்டயாவது போயிருப்பேன். பிப்ரவரில அதக் காப்பாத்தியிருக்கலாம்."

பிறகு கொடி கட்டத் திரும்பிவிட்டாள். பள்ளத்தில் இறங்கி வந்தேன். எனக்கு மூக்குதான் போயிற்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மே 9

ஒயின் போடுகிறவர்கள் எல்லோரிடமும் நானே சொல்லிவிட்டேன். ரொம்ப மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

ஜூலை 2

இப்போதெல்லாம் யாரும் பாட்டில் கொண்டுவருவதில்லை. எட்ஸியோ கற்றுக்கொள்கிறான். எனக்கு அந்த ரப்பர் நாற்றம் காலையில் உண்டு, மாலையில் மறைந்துபோகிறது. கடையை விற்றுவிடலாமா என்றேன். அவன் கோப்பைகளைத் துடைத்து அடுக்கினான்.

செப்டம்பர் 18

அறுவடை. துல்லியாவின் திராட்சை டிராக்டரில் கூட்டுறவு ஆலைக்குப் போவதைக் கடை வாசலில் நின்று பார்த்தேன். ஊரார் பழத்தோடு ஒரே தொட்டியில் கொட்டிவிடுவார்கள். இனி அவள் பெயரில் ஒயின் இல்லை. எட்ஸியோ உள்ளே கூப்பிட்டான். போகவில்லை.

நவம்பர் 5

மழை. கடையில் யாருமில்லை. எட்ஸியோ பல் வைத்தியரிடம் போயிருந்தான். துல்லியா உள்ளே வந்தாள், கோட்டைக் கழற்றவில்லை.

"ஏதாவது ஒரு கோப்பை ஊத்துங்க."

எது நன்றாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது, தம்பி வரட்டும் என்றேன்.

"பரவால்ல. ஊத்துங்க."

கைக்கு வந்த ஃப்ரெய்ஸா பாட்டிலைத் திறந்து அவளுக்கு ஊற்றினேன். முகர்ந்தாள். குடிக்காமல் மேசையில் வைத்தாள்.

"கார்க் கெட்டுப்போயிருக்குக்கா. ஈரத்துல கெடந்த அட்டைப்பெட்டி மாதிரி இருக்கு."

அந்தக் கோப்பையைத் தொட்டியில் கொட்டினேன். வேறொரு பாட்டிலைத் திறந்து ஊற்றினேன். வெளியே ஒரு லாரி போய் முடிகிறவரை அதை முகர்ந்துகொண்டே நின்றாள்.

"வர்றவங்களுக்கு இதக் குடுக்கலாம்" என்றாள்.

பிறகு கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள்.