பக்கத்து ஸ்டூல்

8 பிப்ரவரி 1960, திங்கள்

இன்றும் தோற்றேன். சர்ச்சின் கீழறையில் ஒற்றை நாற்காலி, அதில் நான். என்னோடு கல்லூரியில் படிக்கும் கறுப்புப் பிள்ளைகளே வெள்ளைக்காரர்களாக நடித்து என்னைச் சுற்றி நின்று ஏசுகிறார்கள், முகத்தில் சிகரெட் புகையை ஊதுகிறார்கள். திருப்பி அடிக்கக் கூடாது, அதுதான் பரீட்சை. ஹெர்ஷல் முடியைப் பிடித்து இழுத்தான். விட்டேன் ஒரு அறை.

“சிஸ்டர் வெர்லீன், உங்கள கடைக்குக் கூட்டிட்டுப் போனா நம்ம எல்லாருக்கும் ஆஸ்பத்திரிதான்,” என்றார் பயிற்சி நடத்தும் லூசியஸ். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் அறைத்தோழி ஓசெல்லாவோ எருமை மேல் மழை பெய்த மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். முதல் நாளே தேறிவிட்டாள்.

11 பிப்ரவரி

மூக்கு நுனியில் கோபம் என்பாள் அம்மா. இருக்கட்டுமே! அந்தக் கடையில் நான் நோட்டு வாங்கலாம், சோப்பு வாங்கலாம். அங்கேயே வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் என்று வைத்திருக்கும் கவுன்டரில் உட்கார்ந்து ஒரு காபி குடிக்கக் கூடாது. ஏனென்றால் நான் கறுப்பி. இதற்குக் கோபப்படாமல் வேறு எதற்குப் படுவது?

19 பிப்ரவரி

தேறிவிட்டேன்! கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டேன். நாளைக்கு அந்தக் கவுன்டரில் போய் உட்காரப்போகிறவர்கள் பட்டியலில் என் பெயரும்.

20 பிப்ரவரி, சனி

கழுத்து எரிகிறது. ஒரு வெள்ளைக்காரப் பையன் சூடான காபியை அப்படியே ஊற்றினான். நான் அசையவில்லை. நானா? ஆமாம், நான்தான்.

பக்கத்து ஸ்டூலில் இருந்த ஓசெல்லா — ஓசெல்லா! — எழுந்து அவன் கன்னத்தில் பளாரென்று வைத்தாள்.

21 பிப்ரவரி

செய்தித்தாளில் ஓசெல்லா அறைந்தது மட்டும் இருக்கிறது, அவன் காபி ஊற்றியது இல்லை. லூசியஸ் பட்டியலிலிருந்து அவள் பெயரை அடித்துவிட்டார். என்னை எல்லோரும் பாராட்டுகிறார்கள். ச்சே.

“என் மேல துப்பினா தொடச்சிக்குவேன். உன் கழுத்து வேகுறத எப்படிடி பாத்துக்கிட்டு இருக்கிறது?” என்று கேட்டாள் ஓசெல்லா. அதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. எல்லோரும் ஒற்றை நாற்காலியில் தனித்தனியாகத்தானே பழகினோம்?

24 பிப்ரவரி

லூசியஸிடம் கத்தினேன். “அங்க பக்கத்துல பக்கத்துலதான் உட்காரப்போறோம். இங்க ஏன் ஒத்த நாற்காலி? தப்பு அவளுதா, நம்மளுதா?”

அவரே இன்னொரு நாற்காலியை இழுத்துவந்து போட்டார். “ஓசெல்லாவையும் வரச்சொல்லுங்க,” என்றார்.

1 மார்ச்

இப்போது பயிற்சியில் இரண்டு நாற்காலி. அவளைத் தள்ளுகிறார்கள், நான் சும்மா இருக்கிறேன். என்னைத் தள்ளுகிறார்கள், அவள் சும்மா இருக்கிறாள். இது என்ன படிப்பு? மனசு கல்லாகிறதா? தூக்கம் வரமாட்டேங்குது. கேட்டால் அவளுக்கும் அப்படித்தானாம்.

6 மார்ச், ஞாயிறு

நேற்று மறுபடி கடைக்குப் போனோம். ஓசெல்லாவை முடியைப் பிடித்து ஸ்டூலிலிருந்து கீழே இழுத்தார்கள். உதைக்கிற சத்தம் கேட்டது. எதிரே பலகாரப் பட்டியல் பலகையில் ஆப்பிள் பை என்று எழுதியிருந்ததை முப்பது தடவையாவது படித்திருப்பேன். திரும்பவில்லை. அடிக்க என் கை எழவில்லை.

கைதானது நாங்கள்தான். போலீஸ் வண்டியில் அவளும் நானும் எதிரெதிரே. அவள் உதடு கிழிந்திருந்தது. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“எந்திரிக்கலையே நீ?” என்றாள்.

“இல்ல.”

தடுமாறி எழுந்து வந்து என்னருகில் உட்கார்ந்தாள்.

“அப்ப சரி. அடுத்த சனிக்கிழமையும் எம் பக்கத்துலயே உட்காரு.”