நீ அனுப்பிய குளிசை

அன்பு மகள் மேர்சிக்கு,

கோயிலில் சிஸ்டரிடம் படித்து, அறுபத்தொன்பது வயதில் நானே எழுதும் முதல் கடிதம். நான்கு நாள் எடுத்தது. ஆனாலும் எழுத முடிந்ததில் ஒரு சந்தோசம்.

மாதக்கணக்காக எண்பது கிலோவிலேயே நின்ற அம்மாவின் நிறை, மெலிவதற்கென்று நீ அனுப்பிய குளிசையை விழுங்கத் தொடங்கிய பிறகு பதினொரு கிலோ குறைந்துவிட்டது. "என்ரை பிள்ளை பாரிசில இருந்தே என்னை மெலிய வைச்சிட்டாள்" என்று குருநகர் முழுக்கச் சொல்லித் திரிகிறா.

குளிசையால் இப்படிக் குறையாது என்று டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வயிற்றில் கட்டியாம். பிந்திவிட்டதாம். உன்னில் பிழை இல்லை, பிள்ளை.

அவவுக்கு இன்னும் சொல்லவில்லை. ஃபோனில் கதைக்கும்போது பக்கத்திலேயே இருக்கிறா. அவவுக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் எழுதுகிறேன்.

"இஞ்சாருங்கோ, என்ன எழுதுறியள்?" என்று இப்போது கேட்டா. குளிசைக்கு நன்றி சொல்கிறேன் என்றேன்.

"இன்னும் ரெண்டு போத்தல் கேளுங்கோ."

அனுப்பாதே. நத்தார்ப் பண்டிகை வரை பார்த்துக்கொண்டு நிற்காமல் நீ உடனே வா.

உன் அப்பா