தலைமையாசிரியர் பாட வருகிறார்

ஏங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடாக்கிக்கொள்ளுங்கள். எங்கள் தலைமையாசிரியர் ஆண்டுவிழாப் பாட்டுக்குப் பயிற்சி எடுக்க இன்று சாயங்காலமும் நம் வீட்டுக்குத்தான் வருகிறார். பள்ளியில் பாடினால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு ரசனை போதாதாம். நான் வந்து ஆர்மோனியத்தை எடுக்கும்வரை வறுத்த வேர்க்கடலையை நீட்டிக்கொண்டே இருங்கள். மெல்லும்போது மட்டும் பாட மாட்டார்.

"முடியாது சார்னு சொல்ல உனக்கு வாயே கிடையாதா?" என்று அன்றைக்குக் கத்தினீர்களே, நியாயம்தான். கோபத்தில் சாப்பிடாமல் இருந்துவிடாதீர்கள்.

பி.கு.: சொல்லிவிடலாம் என்றுதான் நேற்று அவர் பாதிப் பாட்டில் இருந்தபோது வாயைத் திறந்தேன். "அட, டீச்சரும் கூடப் பாட வர்றீங்களா? பலே!" என்றார். அழைப்பிதழில் இப்போது என் பெயரும் இருக்கிறது.