துவான் புளுகு

12 ஆகஸ்ட் 1957, திங்கள்

காஜா பெராங்கின் சக்கரவர்த்தியும், மலாக்கா பஸ் நிலையமே கிடுகிடுக்கும் டிக்கெட் பரிசோதகருமான அப்பாசாமியாகிய நான், இன்று செம்பருத்தி வேலியை வெட்டினேன். ஒரு காடு விழுந்தது. புலி ஒன்று தப்பி ஓடியது. (பூனை.)

மாக் காமாட்சி வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே கிண்ணம் போய்வரும் இடைவெளியை மட்டும் அப்படியே விட்டேன். அவர் வேலிக்கு அப்பால் நின்று சிரித்தார். மாக் என்றால் அம்மா. சிட்டி வீட்டு அம்மா, சுல்தான் காலத்தில் வந்து மலாய்ப் பெண்களைக் கட்டிக் கலந்துபோன தமிழர் வம்சம், மலாய்தான் பேச்சு. அவருக்குத் தெரிந்த தமிழ் ஒரு கைப்பிடி. அதில் ஒன்றைக் கோகிலா சின்ன வயதில் என்னைக் காட்டியே கற்றுக்கொடுத்தாள். அன்றிலிருந்து எனக்கு அவர் வைத்த பட்டம் ‘துவான் புளுகு’, புளுகு ஐயா.

வெள்ளிக்கிழமை கிள்ளானிலிருந்து கலியாணசுந்தரம் குடும்பத்தோடு வருகிறார். பள்ளி விடுமுறை, கோட்டை பார்க்கணும், கடற்காற்று வாங்கணும் என்று பேச்சு. என் அக்கா மகள் கோகிலாவை அவர் மகன் தியாகுவுக்குப் பார்க்கணும் என்று பொருள். அக்கா ருக்மணி வீட்டை மூன்று முறை கழுவிவிட்டாள். “வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருடா, அது போதும்” என்றாள். அத்தான் போனபின் இந்த வீட்டுக்கு ஆண்துணை நான். என்னிடம் பேசும் பேச்சா இது?

16 ஆகஸ்ட், வெள்ளி

வந்துவிட்டார்கள். செமாபோக்கில் தெரிந்தவர் வீட்டில் தங்கல். சாப்பாடு மட்டும் இங்கே. கலியாணசுந்தரம் ரயில்வே கிராணி, குமாஸ்தா வேலை. ஒரு வார்த்தை பேசுவதற்குள் ஒரு ரயில் போய்விடும். அவர் மனைவி விஜயா அம்மாள் அதற்கும் சேர்த்துப் பார்ப்பவர். தியாகு நல்ல பையன். நான் சொன்ன முதலைக் கதைக்கு அவன் மட்டும் சிரித்தான். கோகிலா தரையைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள்.

மாக் காமாட்சி ஆறு வகை சமைத்து இடைவெளி வழியே தள்ளிக்கொண்டே இருந்தார். கடைசியில் அவரே மலாய் உடுப்பில், கபாயாவும் சாரோங்குமாக வந்து, கோகிலாவின் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

“இவங்க யாரு?” என்றார் விஜயா அம்மாள்.

சாப்பாட்டின் பெருமை என் தலைக்கு ஏறியிருந்தது. “எங்க குடும்பத்துப் பெரியவங்க” என்றேன். பொய்யா? ஒரு வகையில் இல்லை.

17 ஆகஸ்ட், சனி

இன்று நான் வழிகாட்டி. ஐயோ, என்ன அருமையாகப் பேசினேன்!

கோட்டை வாசலில் நின்று, போர்த்துகீசியன் வந்தபோது எங்கள் முன்னோர் ஒருவர் வெறுங்கையால் பீரங்கிக் குண்டைப் பிடித்தார் என்றேன். பண்டார் ஹிலிர் கடற்கரையில், இந்தக் கடலில் முதல் மரக்கலம் விட்டதே நாங்கள்தான் என்றேன். துக்காங் எமாஸ் தெருவில் பிள்ளையார் கோவிலுக்குள் போனதும் குரல் தானாகத் தழைந்தது. தூணைத் தொட்டு, “பாட்டனாருக்குப் பாட்டனார் கை பட்டதுங்க. சுல்தான் காலத்துலேர்ந்து இந்த ஊரு. ஐந்நூறு வருஷம்!” என்றேன்.

கோகிலா என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். “மாமா, போதும்.”

“ஐந்நூறா?” என்றார் கலியாணசுந்தரம்.

“குறைச்சுச் சொல்றேன்.”

விஜயா அம்மாள் கோகிலாவை ஏற இறங்கப் பார்த்தார். அசந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

18 ஆகஸ்ட், ஞாயிறு

எழுத வேண்டாம் என்று இருந்தேன். எழுதாவிட்டால் இதையும் நாளைக்கு வேறு மாதிரி மாற்றிவிடுவேன்.

கிளம்பும்போது வாசலில் கலியாணசுந்தரம் என்னைத் தனியே அழைத்தார். “சிட்டி வீட்டுச் சம்பந்தம்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமேங்க. தப்பா நினைக்காதீங்க. எங்க பக்கத்துல ஒத்துக்க மாட்டாங்க. கலப்புன்னு பேசுவாங்க.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐந்நூறு வருஷத் தமிழன் இந்த ஊரில் வேறு யார்? நான் அளந்ததையும் அந்தம்மாவின் கபாயாவையும் கூட்டிக் கணக்குப் போட்டிருக்கிறார். பிழை இல்லாத கணக்கு.

உடனே கொட்டினேன். “ஐயையோ, நாங்க அவங்க இல்லீங்க! அத்தனையும் சும்மா அளந்தது. எங்கப்பா கப்பல்ல வந்து ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டுனவரு.” அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா? அவர் முகம் தெளிவதைப் பார்த்ததும் வாய் ஓடியது. “அந்தச் சிட்டிக் கூட்டத்தோட நமக்கு என்னங்க? பேசத் தமிழ் தெரியாது, கட்டச் சேலை தெரியாது. பக்கத்து வீடு, அவ்வளவுதான்.” சொல்லிக்கொண்டே வேலிப் பக்கம் கையை வீசினேன், இலையில் மொய்க்கும் ஈயை விரட்டுகிற மாதிரி.

வீசிய கைக்கு நேரே மாக் காமாட்சி நின்றார். கையில் தட்டு. வழிக்குச் சாப்பிட கந்த கஸ்தூரி. பாசிப்பயறும் வெல்லமும் தேங்காயும் உருட்டிப் பொரித்தது, நம் சுசியம் மாதிரி.

நான் சொன்ன தமிழ் அவருக்கு எவ்வளவு புரிந்தது? தெரியாது. ‘சிட்டி’ என்ற சொல் புரியும். கை எல்லாருக்கும் புரியும்.

தட்டை விஜயா அம்மாளிடம் கொடுத்து, சிரித்து, “மாக்கான் டாலாம் பாஸ்” என்றார். பஸ்ஸில் சாப்பிடச் சொல்கிறார். என்னிடம், “செலாமாட் திங்கால், துவான் அப்பாசாமி” என்றார், விடைபெறும் சொல்.

புளுகு இல்லை. முழுப்பெயர்.

19 ஆகஸ்ட், திங்கள்

வேலைக்குப் போனேன். டிக்கெட் இல்லாத ஒருவனைத் திட்ட வாய் வரவில்லை.

22 ஆகஸ்ட், வியாழன்

கிண்ணம் வந்தது. அவர் கோபக்காரரில்லை. நிம்மதியாகத் திறந்தேன். கந்த கஸ்தூரி — இரண்டு.

மூன்று பேர் உள்ள வீடு.

அக்கா ஒன்றை எடுத்தாள், கோகிலா ஒன்றை எடுத்தாள். பாதியைப் பிட்டு யாரும் என்னிடம் நீட்டவில்லை. அப்போதுதான் தெரிந்தது, வாசலில் நான் பேசியது உள்ளே இருந்த இவர்களுக்கும் கேட்டிருக்கிறது என்று.

ஜப்பான்காரன் காலத்தில் அக்கா மலேரியாவில் கிடந்தாள். நான், சயாம் ரயில் வேலைக்கு அவன் என்னைப் பிடித்துப் போகாமலிருக்க, ரப்பர் காட்டில் ஒளிந்து கிடந்தேன். (அந்த ஒளிதலை ஒரு போராக்கி எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்!) கோகிலாவைத் தன் பிள்ளைகளோடு படுக்கவைத்து, மரவள்ளிக் கிழங்கை மசித்து ஊட்டியவர் மாக் காமாட்சி. அப்போது அவர் அக்காவிடம் என்ன சாதி என்று கேட்டாரா? அப்பாசாமி, நீ எப்படியடா...

25 ஆகஸ்ட், ஞாயிறு

கிள்ளானிலிருந்து ஆள் வந்து சொன்னார்: சம்மதம். ‘தோட்டத்துக் குடும்பம், நம்மைப் போல’ என்று கலியாணசுந்தரம் மகிழ்ந்தாராம். ஆவணி முடிவதற்குள் நிச்சயம், செப்டம்பர் பதினைந்து. அக்கா அழுதாள். நான் வென்றுவிட்டேன் என்று சொல்ல வேண்டிய நாள்.

கோகிலா மட்டும் அடுப்படியிலிருந்து வரவில்லை. போய்ப் பார்த்தேன்.

“தியாகுவைப் பிடிக்கலையா கண்ணு?”

“பிடிச்சிருக்கு. அதான் கஷ்டம்.” பிறகு, “மாக் முன்னாடி நிக்காம எனக்கு நிச்சயம் வேணாம் மாமா. நீங்கதான விரட்டுனீங்க, நீங்களே கூப்பிடுங்க.”

31 ஆகஸ்ட், சனி

மெர்டேக்கா, நாட்டின் விடுதலை நாள். காஜா பெராங் முழுக்கக் கொடி. திடலில் எல்லாரும் கத்தினார்கள். ஊரிலேயே பெரிய தொண்டை என்னுடையது. இன்று கடைசி வரிசையில் வாயசைத்தேன். முன்வரிசையில் மாக் காமாட்சி பேரப்பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார்.

1 செப்டம்பர், ஞாயிறு

கிள்ளான் போய் வந்தேன். போகும்போது பஸ்ஸில் ஒரு பிரசங்கமே தயார் செய்தேன். கலியாணசுந்தரம் வீட்டுக் கதவு திறந்ததும் எல்லாம் பறந்தது.

“அந்தம்மாவப் பத்தி நான் சொன்னது தப்புங்க. இந்தப் புள்ளைய வளத்ததே அவங்கதான். தட்ட மாத்துற எடத்துல அவங்க நிப்பாங்க. அவங்க நிக்கலன்னா தாய்மாமன் நானும் நிக்க மாட்டேன்.”

விஜயா அம்மாள், “இது எத்தனையாவது கதைங்க?” என்றார்.

தேவைதான் எனக்கு.

தியாகுதான் பேசினான். “அப்பா, அந்தத் தட்டுல இருந்ததுல பாதியத் தின்னது நீங்கதான்.” கலியாணசுந்தரம் மீசையைத் துடைத்துக்கொண்டார், இன்னும் ஒட்டியிருப்பது போல. “வரட்டும்” என்றார். விஜயா அம்மாள் எழுந்து உள்ளே போய்விட்டார்.

2 செப்டம்பர், திங்கள்

இடைவெளியில் நின்று மாக் காமாட்சியைக் கூப்பிட்டேன். இருபது வருஷமாக மலாயில் டிக்கெட் கேட்கிறேன். மன்னிப்புக் கேட்க அந்த மலாய் போதவில்லை. “சாயா சாலா” என்றேன். என் தப்பு. அவ்வளவுதான் வந்தது.

துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். நிச்சயத்துக்கு வரவேண்டும், முன்னால் நிற்கவேண்டும் என்றேன். கோகிலாவுக்காக வருகிறேன், ஆனால் முன்னால் வேண்டாம், சமையல்கட்டில் நிற்கிறேன் என்றார். எல்லாருக்கும் அதுதான் நல்லதாம். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

15 செப்டம்பர், ஞாயிறு

நிச்சயம் முடிந்தது. பத்தாயிரம் பேர் — இல்லை. நாற்பது பேர் இருப்பார்கள்.

தட்டு மாற்றுமுன் கோகிலா எழுந்தாள். யாரிடமும் கேட்கவில்லை. தாம்பூலத் தட்டோடு நேரே சமையல்கட்டுக்குப் போனாள். மாக் காமாட்சியின் கையில் தட்டைக் கொடுத்து, அவர் முழங்கையைப் பிடித்துக் கூட்டத்துக்குள் அழைத்து வந்தாள். அடுப்புப் புகை படிந்த கபாயா.

கிள்ளான்காரர்களில் ஒரு கிழவர் என் பக்கம் திரும்பினார். “இவங்க யாருங்க?”

விஜயா அம்மாள் என் வாயையே பார்த்தார். மாக் காமாட்சியும்.

“கோகிலாவ வளத்தவங்க” என்றேன். இன்னும் நூறு கதை வந்து நாக்கில் நின்றது. விழுங்கினேன்.

தட்டை விஜயா அம்மாள்தான் வாங்கவேண்டும். சற்று நின்றார். பிறகு வாங்கினார்.

மாக் காமாட்சி என்னோடு ஒரு வார்த்தையும் பேசாமல் வேலி தாண்டிப் போனார்.

17 செப்டம்பர், செவ்வாய்

சாயங்காலம் கிண்ணம் வந்தது. திறந்தது அக்கா. கந்த கஸ்தூரி, மூன்று. அதில் ஒன்று கருகியிருந்தது.

என்னுடையது எது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தின்றேன்.