விளக்கு எரிந்த கிணறு

அன்பு நிறைந்த அண்ணே,

நேற்று நம் கிணற்றடியில் நடந்ததை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? நீங்கள் கண்ணை மூடிய பிறகு நான் இவ்வளவு பயந்ததில்லை.

உங்கள் மகன் குமார் கத்தாரிலிருந்து லீவில் வந்திருக்கிறான். அரிமளத்து வயலில் நாற்று காய்கிறது. மோட்டார் கிணற்றுச் சேற்றில் மாட்டிக்கொண்டது. கயிறு கட்டி இழுத்தார்கள், வரவில்லை. சேறு கலங்கியதும் அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று ஏறியது. கொஞ்ச நேரத்தில் ஒரு வாடையும் தெரியவில்லை. "நாத்தம் போயிருச்சு, நான் எறங்குறேன்" என்று குமார் கைலியை மடித்துக் கட்டினான்.

முதலில் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் இறக்கினான். நம் பக்கத்தில் எல்லாரும் செய்வது, நீங்களே அவனுக்குப் பழக்கியது. அடியில் போயும் சுடர் நின்று எரிந்தது. "பாத்தீங்களா அத்தை? நெருப்பு நிக்கிற எடத்துல உசுரும் நிக்கும்னு அப்பா சொல்லுவாங்கல்ல?"

ஐம்பூதமும் ஒன்றுக்கொன்று சொந்தம், காற்றைப் பற்றித் தெரிய வேண்டுமானால் தீயைக் கேள் என்பீர்கள். நான் வேதியியல் டீச்சர். நீர் பூதமில்லை, இரண்டு தனிமங்களின் சேர்க்கை; காற்று ஒன்றில்லை, பல வாயுக்களின் கலவை என்பேன். "பிரிச்சுப் பாத்து என்னத்தக் கண்ட, தாயி?" என்று சிரிப்பீர்கள். ஒவ்வொரு தடவையும் ஜெயித்தது நீங்கள்தான்.

பிராணவாயு குறைந்தால் விளக்கு அணையும், அது உண்மை. அப்படி எத்தனையோ உயிரை அது காப்பாற்றியிருக்கும். ஆனால் அந்த முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு. அதற்கு நடுவில் விளக்கு எரியும், மனிதன் விழுவான். நாற்றம் போகவில்லை அண்ணே, எங்கள் மூக்குதான் மரத்துப்போயிருந்தது.

"எறங்காதடா!" என்று கத்தினேன்.

"எங்கப்பாவ விட ஒங்களுக்குத் தெரியுமா?" ஒரு காலை உள்ளே தொங்கவிட்டுவிட்டான்.

மகனை நிறுத்த மதினி ஓடிப்போய் ஒரு கோழியைக் கூடையில் கட்டிக் கொண்டுவந்தார். "இத எறக்குடா மொதல்ல. அப்பறம் நீ எறங்கு."

கூடை விளக்கின் பக்கத்தில் போய் நின்றது. கோழி சிறகடித்தது, தலை சாய்ந்தது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

குமார் காலை மேலே எடுத்தான். மதினி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதார். அவன் என்னைப் பார்த்துக் கேட்டான்: "அப்ப, அப்பா சொன்னது பொய்யா அத்தை?"

உங்களை ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும் என்று எத்தனை வருஷம் ஆசைப்பட்டேன்! கைக்கு வந்தபோது அது எனக்கு வேண்டியிருக்கவில்லை.

"பொய்யில்லடா. நெருப்பு தனக்கு என்ன வேணும்னு மட்டுந்தான் சொல்லுது. நமக்கு ஆகாதது அதுக்குத் தெரியாது."

கிணற்றைத் தகரம் போட்டு மூடியிருக்கிறோம். வாயுவை அளக்கும் கருவியும் காற்று ஊதும் மெஷினுமாகப் புதுக்கோட்டையிலிருந்து இன்று ஆட்கள் வருகிறார்கள். அவர்களும் பத்திரமாக இருக்க வேண்டுமே என்று மனசு அடித்துக்கொள்கிறது.

இனி விளக்கை மட்டும் நம்பி யாரையும் இறங்க விடமாட்டேன், இது சத்தியம். உங்கள் பேச்சை மறுத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். கோபம் வந்தால் வாருங்கள் அண்ணே. வந்து ஒரு வார்த்தை பேசினால் போதும், நானே தோற்றதாக இருக்கட்டும்.

உங்களோடு பிறந்த,
வள்ளி