வரைபடத்தில் ஒட்டிய பொட்டு

20 ஜூன் 2003, வெள்ளி

வண்ணாரப்பேட்டையில் வாங்கிய ஸ்டிக்கர் பொட்டு இன்று என் மானத்தை வாங்கிவிட்டது.

ஓர் ஆய்வுக்காக எண்ணூர் குப்பத்தில் யார் யாருக்கு வீசிங் என்று எங்கள் குழு வீடு வீடாகக் கேட்டது. ரிப்போர்ட் எழுதும் முன் கிடைத்த தகவலை ஊர்க்காரர்களிடமே காட்ட வேண்டும் என்று பெரிய வரைபடம் வரைந்தேன். வீசிங் உள்ள வீடுகளின் மேல் சிவப்புப் பொட்டு ஒட்டிச் சமூகக்கூடத்தில் மாட்டினேன். பார்க்கப் பார்க்க எனக்கே பெருமை.

மீன் விற்றுவிட்டு வந்த தேசம்மா அக்கா கூடையை இறக்கினார்.

"இன்னாம்மா இது? ஞாயித்துக்கெழம என் பொண்ண பாக்க வர்றாங்க. நோய்க்கார வூடுன்னு போர்டு மாட்டிகீறியே!"

"பேர் போடலையேக்கா."

"வூடு தெரியுதே, பேர் எதுக்கு?"

அக்கா தன் வீட்டுப் பொட்டைப் பிய்த்து நெற்றியில் ஒட்டிக்கொண்டார். கூடத்தில் ஒரே சிரிப்பு. மற்ற பெண்களும் ஓடிவந்து கைக்கு வந்ததைப் பிய்த்து ஒட்டிக்கொண்டார்கள், வீசிங் இல்லாத வீட்டுக்காரர்களும்கூட. இனி எது யார் வீட்டுப் பொட்டு என்று கண்டுபிடிக்கவே முடியாது.

"தெருவுக்கு எத்தினி பேருன்னு மட்டும் போடு, போதும்" என்றார் அக்கா. எனக்கு ஏன் முதலிலேயே தோன்றவில்லை?

"எங்கள எல்லாம் கேட்டியே, உனுக்கு வீசிங் கீதா?"

மூன்று மாதமாக அவர்களிடம் மறைத்த இன்ஹேலரைப் பையிலிருந்து எடுத்தேன்.

"அட, நம்மாளு!" என்று அக்கா கடைசிப் பொட்டை என் நெற்றியில் அழுத்தினார்.

பஸ்ஸில் அதோடுதான் வந்தேன். இன்னும் எடுக்கவில்லை.